மன்னிக்க வேண்டியவர் யார்? இஸ்லாத்தில் இரக்கமும் நியாயமும்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கு எல்லோரும் வரிசை கட்டி நின்றதும், இமாம் தக்பீர் ("அல்லாஹு அக்பர்") சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் காத்திருப்பார். இறந்தவரின் மகனோ தம்பியோ முன்னால் வந்து நின்று, தொண்டை அடைக்கச் சொல்வார்: "எங்க அத்தா யாருக்காவது பணம் காசு கொடுக்க வேண்டியிருந்தா என்கிட்ட வந்து கேட்டு வாங்கிக்குங்க. யார் மனசையாவது நோகடிச்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிருங்க." கூட்டத்தில் நாலைந்து பேர் தலையசைப்பார்கள். அப்புறம் தொழுகை தொடங்கும்.

சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்ட இந்த இரண்டு வாக்கியங்களில் ஒரு விஷயம் இருக்கிறது. அங்கே கூடியிருப்பவர்கள் வந்திருப்பதே இறந்தவரை அல்லாஹ் மன்னிக்க வேண்டும் என்று கேட்கத்தான். ஆனால் அதற்கு முன்பே, மூன்றாவது வரிசையில் நிற்கும் மளிகைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டியிருக்கிறது. அவருக்கு வர வேண்டிய பாக்கியை விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் அவரை வற்புறுத்துவதில்லை. "வாங்கிக்குங்க" என்பதுதான் முதல் சொல்.

இரக்கம், நீதி என்று இஸ்லாத்தைப் பற்றி நடக்கும் பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போவது, எது முதலில், எது அடுத்தது என்ற இந்த வரிசைதான். ஒரு பக்கம், "கண்ணுக்குக் கண், அதுதானே உங்கள் மார்க்கம்?" என்று கேட்பவர்கள். இன்னொரு பக்கம், "இஸ்லாம் என்றாலே அமைதி, மன்னிப்பு" என்று மேடையில் பேசிவிட்டு இறங்கிவிடுபவர்கள். என்னை அதிகம் உறுத்துவது மூன்றாவது வகை. கணவன் அடிக்கிறான் என்று சொல்ல வந்த பெண்ணிடம், "ஸப்ர் செய்யும்மா, பொறுத்துக்கோ, மன்னிக்கிறவங்களுக்குத்தான் கூலி" என்று சொல்லி அனுப்பிவிடும் பெரியவர்கள். சொன்ன வசனம் சரிதான். ஆனால் அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரை விட்டுவிட்டு வேறொருவரிடம் சொல்கிறார்கள்.

ஊரார் வீட்டு நெய்

ஒரு நண்பருக்கு ஐயாயிரம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறீர்கள். அவருக்குக் கஷ்டம். "பரவாயில்லை, விடு" என்று சொல்லிவிடலாம். பெருந்தன்மை. அதே நண்பர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஐயாயிரம் தர வேண்டும். அதையும் சேர்த்து நீங்களே "விடு" என்று சொன்னால்? அதற்குப் பெயர் பெருந்தன்மை இல்லை. "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம் ஊரில் ஏற்கெனவே ஒரு பழமொழி இருக்கிறது.

இந்தக் கட்டுரையின் முக்கால்வாசி விஷயம் இந்த ஒரு உதாரணத்துக்குள் அடங்கிவிடும். மன்னிப்பு ஒரு சொத்து மாதிரி. யாருடைய உரிமை பறிபோனதோ அவர் கையில்தான் அது இருக்கிறது. அந்த உரிமைக்கு அரபியில் ஹக் என்று பெயர். நம் பேச்சிலும் "அவங்க ஹக்கைக் கொடுத்துடு" என்று சொல்கிறோமே, அதேதான். ஹக்கைப் பறிப்பது ஸுல்ம், அதாவது அநியாயம். ஒரு பொருளை அதற்கு உரிய இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் வைப்பது என்று அரபி மொழி அறிஞர்கள் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தருகிறார்கள். மளிகைக்காரரின் காசு என் சட்டைப்பையில் இருந்தால், அது இடம் மாறிய பொருள்.

இரண்டு கணக்கு நோட்டுகள்

ஒரு முஸ்லிமுக்கு இரண்டு கணக்கு ஓடுகிறது. ஒன்று படைத்தவனோடு உள்ள கணக்கு: தொழுகை, நோன்பு போன்றவை. இன்னொன்று மனிதர்களோடு உள்ள கணக்கு. இதற்கு ஹுகூகுல் இபாத், அடியார்களின் உரிமைகள் என்று பெயர். முதல் நோட்டில் தவறு நடந்தால் அழுது, அதை விட்டுவிட்டு, இனி செய்வதில்லை என்று உறுதி எடுத்தால் போதும் என்பது உலமாக்களின், அதாவது மார்க்க அறிஞர்களின், விளக்கம். இரண்டாவது நோட்டில் தவறு நடந்தால் இந்த மூன்றோடு நான்காவது ஒன்றும் சேர்கிறது: எடுத்ததைத் திருப்பிக் கொடு, அல்லது சம்பந்தப்பட்டவரிடமே மன்னிப்புக் கேள்.

இதை ஸஹீஹ் முஸ்லிம் என்ற தொகுப்பில் உள்ள ஒரு ஹதீஸ் (நபிமொழி) மறக்க முடியாதபடி சொல்கிறது. "திவாலானவன் யார் தெரியுமா?" என்று நபி (ஸல்) கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவன் என்று தோழர்கள் பதில் சொன்னார்கள். அது இல்லையாம். தொழுகை, நோன்பு, ஸகாத் (கட்டாயத் தர்மம்) எல்லாவற்றோடும் மறுமையில் ஒருவன் வந்து நிற்பான். ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பான், ஒருவர் மீது அவதூறு சொல்லியிருப்பான், ஒருவர் சொத்தைத் தின்றிருப்பான், ஒருவரை அடித்திருப்பான். அவனுடைய நன்மைகளை எடுத்து ஒவ்வொருவருக்காகப் பங்கு போடுவார்கள். நன்மை தீர்ந்தும் கணக்குத் தீராவிட்டால், அவர்களுடைய பாவங்கள் இவன் தலையில் ஏற்றப்படும். அவன்தான் திவாலானவன்.

அல்லாஹ்வை அர்ரஹ்மான், அளவற்ற அருளாளன் என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! ரஹ்மத் என்ற சொல்லே தாயின் கருவறையைக் குறிக்கும் ரஹிம் என்ற சொல்லின் வேரிலிருந்து வருவது. அப்படிப்பட்டவன் ஏன் ஒரே சொல்லில் அந்தத் திவாலானவனை மன்னித்துவிடவில்லை? ஏனென்றால் அடி வாங்கியவரும் அவனுடைய அடியார்தான். அடித்தவன் மீது மட்டும் இரக்கம் காட்டினால், அடி வாங்கியவர் மீது அது இரக்கமில்லாமையாகிவிடும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மன்னிப்பு உரிமையாளரின் கையில் இருக்கிறது. அடுத்தவருக்கு உரியதை மூன்றாவது ஆள் மன்னிக்க முடியாது.

தரையும் மாடியும்

சரி, உரிமை பறிபோனவர் என்ன செய்யலாம்? குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தில் 39 முதல் 43 வரையுள்ள ஐந்து வசனங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆளுக்கொரு வரியை உருவிக்கொண்டு போவதால்தான் குழப்பமே வருகிறது. தங்களுக்குக் கொடுமை நேர்ந்தால் எதிர்த்து நிற்பவர்களை முதல் வசனம் நல்லவர்களின் பட்டியலில் சேர்க்கிறது. தீமைக்குக் கூலி அதைப் போன்ற அளவுதான், ஆனால் மன்னித்துச் சீர்செய்பவரின் கூலி அல்லாஹ்விடம் என்கிறது அடுத்தது. அநியாயத்துக்கு ஆளான பின் தன் உரிமையை எடுத்துக்கொள்பவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. மக்களுக்கு அநியாயம் செய்பவர்கள் மீதுதான் குற்றம். கடைசியாக, பொறுத்து மன்னிப்பது மன உறுதி வேண்டும் காரியங்களில் ஒன்று.

மன்னிப்பவருக்குப் பாராட்டு இருக்கிறது. மன்னிக்காதவருக்கு ஒரு திட்டுகூட இல்லை. "நீ ஏன் மன்னிக்கவில்லை?" என்று பாதிக்கப்பட்டவரைக் கூண்டில் ஏற்றும் பேச்சுக்கு இந்த ஐந்து வசனங்களில் இடமே இல்லை.

இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. உரியவருக்கு உரியதைக் கொடுப்பது அத்ல், நீதி. அதற்கு மேல் மனமுவந்து செய்வது இஹ்ஸான். "அல்லாஹ் அத்லையும் இஹ்ஸானையும் ஏவுகிறான்" என்று தொடங்கும் வசனத்தை (16:90) வெள்ளிக்கிழமை குத்பா உரையின் முடிவில் பல பள்ளிகளில் ஓதுவார்கள். வாரா வாரம் கேட்கிறோம். எது முதலில் வருகிறது என்று பாருங்கள். அத்ல் தரைத்தளம், இஹ்ஸான் மாடி. நான்கு மாதச் சம்பளத்தைப் பாக்கி வைத்துவிட்டுப் பெருநாளுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கும் முதலாளியை யாரும் வள்ளல் என்று சொல்வதில்லை. தரை இல்லாமல் மாடி நிற்காது.

கிஸாஸ்: "கண்ணுக்குக் கண்" உண்மையில் என்ன?

அதிகம் திட்டு வாங்கும் சொல் இது. கிஸாஸ் என்றால் சமமான பதில். இஸ்லாத்துக்கு முந்தைய அரபு நாட்டில் போலீஸ் கிடையாது, நீதிமன்றம் கிடையாது. ஒருவனுக்குப் பாதுகாப்பு அவனுடைய குலம்தான். பெரிய குலத்தில் ஒருவன் கொல்லப்பட்டால், "கொன்றவன் போதாது, அந்தக் குலத்தின் தலைவன் வேண்டும், ஒன்றுக்குப் பத்து வேண்டும்" என்று கிளம்புவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பகை ஓடும். அந்தச் சூழலில் "கொன்றவன் மட்டும்தான், அதற்கு மேல் ஒரு ஆள்கூடக் கூடாது" என்ற விதி, பழிவாங்குவதற்குக் கொடுத்த உத்தரவு என்பதைவிடப் பழிக்குப் போட்ட கடிவாளம்.

அதோடு நிற்கவும் இல்லை. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு மூன்று வழிகள் தரப்படுகின்றன: சமமான தண்டனையைக் கேட்கலாம், தியத் எனப்படும் இழப்பீட்டை வாங்கிக்கொள்ளலாம், எதுவும் வாங்காமலே மன்னிக்கலாம். மன்னிக்கும் இடத்தில் கொலைகாரனை அந்தக் குடும்பத்தின் "சகோதரன்" என்றே வசனம் (2:178) சொல்கிறது. அந்தச் சொல்லைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திகைப்பாக இருக்கும்.

இதில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. பாகிஸ்தானில் கொலை செய்தவனும் அதே குடும்பம், மன்னிக்கிறவர்களும் அதே குடும்பம் என்ற நிலை வந்தபோது அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. "கௌரவத்துக்காக" தங்கையையோ மகளையோ கொல்வார்கள், பெற்றோர் மன்னித்துவிடுவார்கள், கொன்றவன் வீட்டுக்கு வந்துவிடுவான். சமூக ஊடகங்களில் பிரபலமான கந்தீல் பலோச் 2016 ஜூலையில் தன் சகோதரனால் கொல்லப்பட்ட பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இத்தகைய கொலைகளில் குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்று ஆக்கியது. அப்படியும் 2019-இல் ஆயுள் தண்டனை பெற்ற அந்தச் சகோதரர் 2022-இல் மேல்முறையீட்டில் விடுதலையானார்.

பழைய மார்க்கச் சட்டத்திலேயே இதற்கு ஒரு முன்யோசனை உண்டு. நம்பவைத்து வஞ்சகமாகக் கொன்றால் குடும்பத்தின் மன்னிப்பு செல்லாது, அது ஊருக்கே எதிரான குற்றம் என்பது மாலிக்கி சட்டப்பள்ளியின் நிலைப்பாடு. ஒரு குற்றத்தில் பறிபோவது சில சமயம் ஒருவருடைய ஹக் மட்டுமல்ல. பயமில்லாமல் வாழும் ஊராரின் ஹக்கும் சேர்ந்து போகிறது. அந்தப் பங்கை மன்னிக்கக் குடும்பத்துக்கு அதிகாரம் இல்லை.

தனக்கு நேர்ந்தால் ஒன்று, பிறருக்கு நேர்ந்தால் ஒன்று

நபி (ஸல்) தனக்காக ஒருபோதும் பழிவாங்கியதில்லை, அல்லாஹ் விதித்த வரம்புகள் மீறப்பட்டால்தான் நடவடிக்கை எடுப்பார்கள் என்று அவர்களுடைய மனைவி ஆயிஷா (ரலி) சொன்னதை ஹதீஸ் தொகுப்பாளர்கள் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். இது வெறும் புகழுரை இல்லை. நாம் மேலே பார்த்த விதி நடைமுறையில் எப்படி இருந்தது என்பதுதான் அது.

ஒரு நாள் நபி நஜ்ரான் நாட்டுத் தடித்த கரை போட்ட போர்வையோடு நடந்து போகிறார்கள். பின்னால் வந்த கிராமத்து அரபி ஒருவர் அந்தப் போர்வையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க, கழுத்தில் கரையின் தடம் பதிந்துவிடுகிறது. "உம்மிடம் இருக்கும் அல்லாஹ்வின் பணத்திலிருந்து எனக்குக் கொடுக்கச் சொல்லும்" என்கிறார் அவர். நபி திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள், கொடுக்கச் சொல்கிறார்கள். வலித்தது தன் கழுத்து. மன்னித்தாயிற்று.

இன்னொரு நாள் கடன் கொடுத்தவர் ஒருவர் வந்து கடுமையாகப் பேசுகிறார். தோழர்கள் அவர் மேல் பாயப் போகிறார்கள். "விடுங்கள், உரிமை உள்ளவருக்குப் பேசவும் உரிமை உண்டு" என்று தடுத்து, அவர் கொடுத்ததைவிட நல்ல வயதுடைய ஒட்டகமாக வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கடன் வாங்கியவர் நபி என்பதற்காகக் கடன்காரர் பொறுத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. அநியாயத்துக்கு ஆளானவர் சத்தம் போடலாம் என்பதைக் குர்ஆனே (4:148) அனுமதிக்கிறது. "மெதுவா பேசுங்க, மரியாதையா கேளுங்க" என்று பாதிக்கப்பட்டவருக்குப் பாடம் நடத்தும் நம் பஞ்சாயத்துகள் இந்த ஒட்டகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, ஸஃப்வான் பின் உமய்யா என்ற தோழரின் கதை. பள்ளிவாசலில் மேலங்கியைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார். ஒருவன் அதை உருவ, பிடித்து நபியிடம் கொண்டுவருகிறார். தண்டனை உறுதியானதும் மனம் இளகி, "அதை அவனுக்கே கொடுத்துவிட்டேன்" என்கிறார். நபியின் பதில்: "இங்கே கொண்டுவருவதற்கு முன்பே அதைச் செய்திருக்கக் கூடாதா?" அவரவர் விஷயமாக இருக்கும்வரை விட்டுக்கொடுக்க அவருக்கு முழு உரிமை இருந்தது. நீதிபதியின் முன் வந்த பிறகு அது ஊர் விஷயம்.

ஒரே சம்பவத்தில் இரண்டும்: மிஸ்தஹ்

என்னைக் கேட்டால், இந்தத் தலைப்பை விளக்க ஒரே ஒரு சம்பவம் போதும் என்பேன்.

ஒரு பயணத்தில் கழுத்து மாலையைத் தேடப்போன ஆயிஷா (ரலி), படை கிளம்பிவிட்டதால் பின்தங்கிவிடுகிறார். பின்னால் வந்த ஸஃப்வான் பின் முஅத்தல் என்ற தோழர் அவரைத் தன் ஒட்டகத்தில் ஏற்றி, தான் நடந்து, கொண்டுவந்து சேர்க்கிறார். இவ்வளவுதான் நடந்தது. மதீனாவில் இருவரையும் சேர்த்து அவதூறு கிளம்பி ஒரு மாதம் ஓடியது. பேசியவர்களில் ஒருவர் மிஸ்தஹ். ஆயிஷாவின் தந்தை அபூபக்ரின் (ரலி) சித்தி மகளுடைய மகன், ஏழை, பத்ர் என்ற முதல் பெரிய போரில் கலந்துகொண்டவர், அபூபக்ர் கொடுக்கும் காசில்தான் அவருடைய பிழைப்பே ஓடியது. சோறு போட்ட வீட்டுப் பெண்ணைப் பற்றித்தான் பேசினார்.

ஆயிஷா குற்றமற்றவர் என்று வசனங்கள் இறங்கின. அபூபக்ர் சத்தியம் செய்தார்: "இனி மிஸ்தஹுக்கு ஒரு காசு கொடுக்க மாட்டேன்." எந்தத் தகப்பனும் சொல்லக்கூடியதுதான். அதற்கு இறங்கிய வசனம் (24:22): வசதி உள்ளவர்கள் உறவினருக்கும் ஏழைக்கும் மார்க்கத்துக்காக ஊரைவிட்டு ஹிஜ்ரத் செய்து வந்தவருக்கும் கொடுக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டாம், மன்னித்து விட்டுவிடட்டும், "அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பவில்லையா?" அபூபக்ர், "அல்லாஹ் மீது ஆணையாக விரும்புகிறேன்" என்று சொல்லி மறுபடியும் கொடுக்கத் தொடங்கினார்.

பயான் எனும் மார்க்கச் சொற்பொழிவுகளில் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். ஆனால் அதே அத்தியாயத்தின் நான்காவது வசனம், பெண்கள் மீது அவதூறு சொல்லி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்களுக்கு எண்பது கசையடி என்கிறது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்தத் தண்டனை நிறைவேற்றப்பட்டதாகவும், அதைப் பெற்றவர்களில் மிஸ்தஹ் ஒருவர் என்றும் ஹதீஸ் நூல்களில் அறிவிப்பு உண்டு.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அபூபக்ரை விட்டுக்கொடுக்கச் சொன்னது அவருடைய சொந்தக் காசையும் கோபத்தையும். மகளின் மானத்தை விட்டுக்கொடுக்கும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை. "உறவுக்காரன், ஏழை, பத்ர் போராளி" என்று தண்டனை குறையவும் இல்லை. "தண்டனை பெற்றவன்" என்று சோறு நிற்கவும் இல்லை.

அநியாயம் செய்பவருக்கும் உதவி

"உன் சகோதரன் அநியாயம் செய்பவனாக இருந்தாலும், அநியாயத்துக்கு ஆளானவனாக இருந்தாலும் உதவி செய்" என்று நபி சொன்னபோது தோழர்களே குழம்பினார்கள். அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது? "அவனைத் தடுப்பதுதான் அவனுக்கு நீ செய்யும் உதவி" என்று பதில் வந்தது. திவாலானவனின் ஹதீஸோடு சேர்த்துப் படித்தால் இது தெளிவாகும். தடுத்து நிறுத்தினால் அவனுடைய கணக்கில் கடன் ஏறுவது நிற்கிறதே! எதிர்ப்பதும் இரக்கம்தான் என்பது இங்கே வெறும் பேச்சாக இல்லை.

தடுப்பதற்கும் வரம்பு உண்டு. தீமையைக் கையால் மாற்று, முடியாவிட்டால் நாவால், அதுவும் முடியாவிட்டால் உள்ளத்தால் வெறு என்ற ஹதீஸைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்குக் கையை ஓங்கக் கூடாது; கை என்பது அதிகாரம் உள்ளவருக்கு என்று பல அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவற வைக்க வேண்டாம் (5:8) என்பதும், உங்களுக்கோ பெற்றோருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்கு சாட்சி சொல்லுங்கள் (4:135) என்பதும் எதிர்த்து நிற்பவருக்கே போடப்பட்ட நிபந்தனைகள்.

அப்படியானால் மக்காவில்?

"எல்லாம் சரி, மக்கா வெற்றியின்போது மொத்தமாக மன்னித்தார்களே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கி.பி. 630. விரட்டியடித்த ஊருக்குள் பெரும்படையோடு நபி திரும்புகிறார்கள். வெகு சிலரைத் தவிர எல்லோருக்கும் பொதுமன்னிப்பு. விலக்கப்பட்ட அந்தச் சிலரிலும் பலர் பின்னர் மன்னிக்கப்பட்டார்கள், கடும் எதிரியாக இருந்த அபூஜஹ்லின் மகன் இக்ரிமா உட்பட. இது நடந்தது எப்போது? கொடுமை முடிவுக்கு வந்த பிறகு. அடிப்பவனின் கையைப் பிடித்து நிறுத்திய பிறகு. மன்னித்தவரும் ஓரமாக நின்று பார்த்தவரில்லை. கொடுமைக்கு ஆளானவர், ஊரை இழந்தவர்.

அதே நாட்களில் நடந்த இன்னொன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் பாதிதான். மக்கா வெற்றியை அடுத்து, தளபதி காலித் பின் வலீத் பனூ ஜதீமா என்ற குலத்தாரிடம் அனுப்பப்பட்டார். அவர்கள் இஸ்லாத்தை ஏற்றதைச் சரியான சொல்லில் சொல்லத் தெரியாமல் வேறு மாதிரிச் சொல்ல, அவர் ஆட்களைச் சிறைப்பிடித்துக் கொல்ல வைத்துவிட்டார். செய்தி வந்ததும் நபி கைகளை உயர்த்தி, "யா அல்லாஹ், காலித் செய்ததற்கு நான் பொறுப்பல்ல" என்று இரண்டு முறை சொன்னார்கள். நேற்றுத்தான் எதிரிகளை மன்னித்தவர், இன்று தன் தளபதியின் தவறை "போகட்டும்" என்று விடவில்லை. செத்தது ஜதீமா குலத்தார். அந்த மன்னிப்பு அவர்களுடையது.

பணத்தோடு தன் மருமகன் அலீயை (ரலி) அனுப்பினார்கள் என்று நபி வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவர் ஒவ்வொரு உயிருக்கும் தியத் கொடுத்தார். போன பொருளுக்கெல்லாம் விலை கொடுத்தார், நாய் தண்ணீர் குடிக்கும் மரப்பாத்திரம் வரைக்கும். "இன்னும் யாருக்காவது ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். கையில் கொஞ்சம் பணம் மிச்சமிருந்தது. எங்களுக்கும் தெரியாமல், உங்களுக்கும் தெரியாமல் ஏதாவது விட்டுப்போயிருக்கலாம் என்று சொல்லி, அதையும் அவர்களிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினார்.